பூட்ஸ் கழற்றிய படைத்தலைவி

பொம்மை என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், அந்த மனிதருக்கு மூக்கின்மேல் கோபம் வந்துவிடும். "பொம்மை இல்லீங்க, மினியேச்சர்" என்று திருத்துவார். சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஆள். முதுகில் பறக்கிற இயந்திரம், கையில் தன் உடம்பைவிடப் பெரிய துப்பாக்கி. ஏதோ வேற்றுக் கிரகத்துச் சண்டைக்குக் கிளம்பி நிற்பான். அவனைத் துண்டு துண்டாக வாங்கி, வெட்டி, ஒட்டி, சாயம் பூசி, மேஜைமேல் அணிவகுத்து நிறுத்தி, பகடை உருட்டிச் சண்டை விடுகிறார்கள், தலை நரைத்தவர்கள். சிரிப்பு வருகிறதா? வரட்டும். அவர்கள் முன்னால் மட்டும் சிரித்துவிடாதீர்கள்.

அந்த மனிதருக்கு வயது ஐம்பத்திரண்டு. தொழில், பல்செட் செய்வது. பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்புறம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. இரண்டு மேஜை, ராவுகிற மோட்டார் ஒன்று, மெழுகு இளக்க ஒரு சின்ன விளக்கு, சுவர் அலமாரியில் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள் வரிசையாக வாயைப் பிளந்துகொண்டிருக்கும். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அங்கே குனிந்து உட்கார்ந்து, முகமே பார்த்திராதவர்களுக்குப் பல் செய்வார். முன்னறையில் டாக்டர் அதை மாட்டிவிடுவார். போட்டுக்கொண்டவர்கள் கண்ணாடியில் பார்த்து, "டாக்டர், உங்க கை தங்கக் கை" என்பார்கள். பின்னறையில் இவருக்கு அது நன்றாகக் கேட்கும். இருபத்தேழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்தான் அவருடைய நேரம். மருந்துக்கடைக்காரர் ஒருவர் தன் கடைக்கு மேலே இருந்த அறையைச் சங்கத்துக்குக் கொடுத்திருந்தார். மொத்தம் ஒன்பது பேர். சண்டையில் சட்டம் பேசுவதற்கு ஒரு கணக்கு டீச்சர் இருந்தார். ஓய்வுபெற்றும் பிரம்பை மட்டும்தான் விட்டவர், குரலை விடவில்லை. ஒரு பகடை மேஜை விளிம்பில் சாய்ந்து நின்றுவிட்டால் அன்றைக்கு அரை மணி நேரம் போச்சு.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இந்த உருவங்களைச் செய்கிற கம்பெனி புதிதாக எதையாவது வெளியிட்டால் எல்லோரும் சேர்ந்து ஒரு பெட்டி வாங்குவார்கள். உள்ளே இருப்பவற்றைச் சீட்டுக் குலுக்கி ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு போவார்கள். ஒரு வாரத்தில் வெட்டி ஒட்டிக் கொண்டுவர வேண்டும்; சாயம் பூசக் கூடாது, சாயம் குறையை மறைத்துவிடும். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் அபிப்பிராயம். பெயர் போடக் கூடாது. ஒரு நிறையும் ஒரு குறையும் இருந்தே ஆக வேண்டும். 'சூப்பர்' என்று மட்டும் எழுதினால் டீச்சர் அதைக் கிழித்துப் போட்டுவிடுவார். சீட்டுகளை டீச்சர் உரக்கப் படிக்க, மருந்துக்கடைக்காரர் இணையத்தில் ஏற்றுவார். எங்கெங்கோ இருக்கிற பைத்தியங்கள் எல்லாம் அதற்காகக் காத்திருப்பார்கள். இவர்கள் நன்றாக இருக்கிறது என்று சொன்னால்தான் வாங்குவார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, ஈவிரக்கமில்லாமல் எழுதுவார்கள். "இந்த இயந்திரக் குதிரைக்கு முட்டி இரண்டு பக்கமும் மடிகிறது. ஓடினால் எந்தப் பக்கம் போகிறோம் என்று குதிரைக்கே தெரியாது." "ஹெல்மெட்டுக்குள் தலை இருக்கிறதா, ஹெல்மெட்டே தலையா என்பதைக் கம்பெனி முதலில் முடிவு செய்யட்டும்." "துப்பாக்கி அழகு. ஆனால் சுட்டால் சுட்டவன்தான் விழுவான்." பெயர் இல்லாவிட்டாலும் நம்மவருடைய சீட்டு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். "இடது காதுக்குப் பின்னால் மயிரிழை அளவுக்கு அச்சுக் கோடு" என்று ஆரம்பிக்கும். பல் வேலைக்குப் போடுகிற லென்ஸை நெற்றியில் மாட்டிக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். வெளியே கோபித்துக்கொள்வார், உள்ளே குளிர்ந்துவிடும்.

மற்றவர்கள் செய்ததில் குறை கண்டுபிடித்தே காலம் போயிற்றே, நாமாக ஒன்று செய்தால் என்ன என்று அவருக்கு ஒரு நாள் தோன்றியது. இது நடந்து ஆறேழு வருஷம் இருக்கும்.

தோன்றியதற்குக் காரணம் அவர் மனைவி. துணிக்கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். நிற்கிறவள் என்றால் நிஜமாகவே நிற்கிறவள், அந்தக் கடையில் உட்கார நாற்காலி கிடையாது. மாலை வீட்டுக்கு வந்ததும் வாசலருகே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் வைத்துக்கொண்டு, இடது கையால் பாதத்தை இறுக்கிப் பிடித்தபடி ஐந்து நிமிஷம் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அந்தக் கோலத்தைப் பார்த்த இவருக்குச் சிலிர்த்துவிட்டது. உலகத்தில் எத்தனை கம்பெனி, எத்தனை வீரர்கள்! ஒவ்வொருத்தனும் பாய்கிறான், சுடுகிறான், கத்துகிறான். சண்டை முடிந்து கால் வலிக்க உட்கார்ந்திருக்கிற ஒருத்தி எங்கேயாவது உண்டா?

மத்தியான இடைவேளைகளில், பல் வேலைக்கான மெழுகிலேயே செதுக்க ஆரம்பித்தார். தோட்டாப் பெட்டிமேல் உட்கார்ந்த படைத்தலைவி. ஒரு பூட்ஸ் கழன்று பக்கத்தில் கிடக்கிறது. முகம் மனைவியின் முகம்; குறுக்குக் கோடு விழுந்த நெற்றி உட்பட. நாலு வருஷம் ஆயிற்று. பல்செட்டை எப்படி மெழுகிலிருந்து அக்ரிலிக் பிளாஸ்டிக்குக்கு மாற்றுவாரோ அப்படியே மாற்றி, மெருகேற்றி, லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார். பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டும் வலது கை.

எப்படி வந்தது இந்த வினை? பாதத்தைப் பிடித்திருக்கும் இடது கையைச் செதுக்கும்போது, மாதிரிக்குத் தன் இடது கையையே வாஷ்பேசின் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருக்கிறார். கண்ணாடியில் தெரிவது இடம் வலமாக அல்லவா தெரியும்? பெருவிரல் மாறிப்போயிற்று. காலமெல்லாம் இடது தாடை வலது தாடை மாறாமல் செய்த மனிதருக்கு இந்தக் கதி. அவமானம் தாங்கவில்லை. மணிக்கட்டிலிருந்து பெருவிரல்மேல் ஒரு தோல்பட்டை ஓடுவதுபோல் வைத்து, அதில் நாலு தையல் போட்டு மறைத்தார். பிறகு ஒரு பல்செட் டப்பாவில் பஞ்சு சுற்றி வைத்து வீட்டு அலமாரிக்குள் தள்ளிவிட்டார். கையைச் சரி செய்துதான் சங்கத்துக்குக் கொண்டுபோவது, தன் பெயரைச் சொல்லித்தான் மேஜையில் வைப்பது என்று முடிவு. அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று இரண்டு வருஷம் ஓடியது.

அதைப் பார்த்திருந்த ஒரே ஆள் மைத்துனன். மனைவியின் தம்பி. அவளைவிடப் பதினாலு வயது சின்னவன். தாய் இல்லாத குறை தெரியாமல் அவள்தான் வளர்த்தாள். சங்கத்துக்கு அவனைக் கூட்டிவந்தவரும் இவர்தான். அட்டைப்பெட்டி கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டரில் படம் போட்டுக்கொண்டிருந்தான். படைத்தலைவியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, இது வேற லெவல் மாமா" என்று கண் கலங்கியவன். கை விஷயத்தை மட்டும் இவர் அவனிடமும் சொல்லவில்லை. வெட்கம்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு அந்த மினியேச்சர் கம்பெனியிலேயே வடிவமைப்பாளர் வேலை கிடைத்தது. இவர் தலைகால் புரியாமல் ஆடினார். பல் டாக்டரிடம் சொன்னார், தெருமுனை டீக்கடையில் சொன்னார். "நம்ம வீட்டுப் பையன் செய்யறதைத்தான் இனிமே உலகமே விளையாடப் போகுது" என்று பெருமையடித்தார். எப்படிக் கிடைத்தது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. சொந்தக்காரனை யார் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்?

சென்ற மாதம் கம்பெனியின் புதுப் பெட்டி வெளிவந்தது. 'கடைசிக் கோட்டை' என்று பெயர். எட்டு உருவங்கள். படம் முதலில் இணையத்தில் வந்தது. நடுவில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலையில் ஹெல்மெட், மடியில் துப்பாக்கி, ரத்தச் சிவப்பில் கவசம், ஒரு காலில் பூட்ஸ் இல்லை.

"அந்தத் தலைவி என்னோட டிசைன். முதல் வேலை" என்றான் மைத்துனன், சங்கத்தில் எல்லோர் முன்னாலும். அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். இவருக்குச் சுருக்கென்று ஒன்று தைத்தது. நம் யோசனையை எடுத்துக்கொண்டான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று நினைத்தார். பிறகு தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்: யோசனைக்கு யார் பட்டா போட்டு வைத்திருக்கிறார்கள்? நாம்தான் பஞ்சில் சுற்றி வைத்துவிட்டோம், அவன் செய்து காட்டிவிட்டான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார். அலமாரியைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் வயிறு எரியும் என்று பயம்.

பெட்டி வந்தது. சீட்டுக் குலுக்கினார்கள். கம்பெனி ஆள் என்பதால் மைத்துனன் மட்டும் விலகி உட்கார்ந்துகொண்டான். இவருக்கு நாலு கை உள்ள வேற்றுக்கிரகவாசி விழுந்தது. படைத்தலைவி டீச்சருக்குப் போனாள்.

அடுத்த ஞாயிறு டீச்சர் சீட்டுகளைப் படித்தார். நாலு கை ஆசாமிக்கு, "மூன்றாவது தோள் எங்கே முளைக்கிறது என்பதில் தெளிவு இல்லை; அக்குள் மூன்று, தோள் இரண்டு" என்று வந்ததும் எல்லோரும் இவரைப் பார்த்துச் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். கடைசியில் டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தன் சீட்டையே எடுத்தார்.

"படைத்தலைவி. நிறை: பதினஞ்சு வருஷத்துல இவ்வளவு உயிரோட ஒரு உருவத்தை நான் பாத்ததில்ல. போர்னா என்னன்னு இந்தக் கால் சொல்லுது." நிறுத்தினார். மைத்துனன் தலை குனிந்து புன்னகைத்தான். "குறை: கம்பெனியில யாருக்கும் கைவிரல் எண்ணத் தெரியாது போல. இந்த அம்மாவுக்கு ரெண்டும் வலது கை!"

அறை சிரிப்பில் அதிர்ந்தது. மருந்துக்கடைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு பெரிய கம்பெனி, எவ்வளவு பெரிய மெஷின்! தம்பி, என்னப்பா இது?"

"எங்கே, எங்கே?" என்று மைத்துனனும் எழுந்து வந்து பார்த்தான். அவன் முகம் வெளுத்தது. அவனுக்கே இப்போதுதான் தெரிகிறது.

இவர் மட்டும் சிரிக்கவில்லை. டீச்சர் கையிலிருந்து உருவத்தை வாங்கி லென்ஸை இறக்கினார். முழங்காலுக்கு அடியில் ஒளிந்திருந்த கை. மணிக்கட்டிலிருந்து பெருவிரல்மேல் ஒரு தோல்பட்டை. பட்டையில் தையல், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மூன்றாவது தையல் கொஞ்சம் கோணல். அன்றைக்கு மின்சாரம் ஒரு கணம் போய் வந்ததில் கை நடுங்கியது அவருக்கு நினைவிருந்தது.

ஒரு யோசனையைப் பார்த்து இன்னொருவன் செய்யலாம். ஒருவனுடைய தப்பை இன்னொருவன் எப்படிச் செய்வான்?

"இது என்னோடது" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. "எது?"

"இது நான் செஞ்சது. இந்தக் கை நான் செஞ்ச தப்பு. கண்ணாடியைப் பாத்துச் செஞ்சேன், மாறிப்போச்சு. அதை மறைக்கத்தான் இந்தப் பட்டை. மாப்ளே, நீ பாத்திருக்கியே. சொல்லு."

ஒன்பது பேரில் ஏழு பேர் மைத்துனன் பக்கம் திரும்பினார்கள். அவன் டீச்சரைப் பார்த்தான், மருந்துக்கடைக்காரரைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான்.

"எதை மாமா?" என்றான்.

அவ்வளவுதான். இவருக்குக் காது அடைத்துவிட்டது. அவன் பொய்யாவது விரிவாகச் சொல்லியிருக்கலாம், கோபப்பட்டிருக்கலாம். 'எதை மாமா' என்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, ஒன்றும் தெரியாத முகத்தோடு!

டீச்சர் கையை உயர்த்தினார். "சண்டை வேணாம். உங்ககிட்ட அசல் இருக்கா? இருந்தா அடுத்த வாரம் கொண்டாங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்போம். உங்களுதுதான்னா நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்கு எழுதறோம். உங்க பேர் வந்தே ஆகணும்."

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தார். டப்பா இருந்தது. பஞ்சு இருந்தது. பஞ்சுக்குள் ஒன்றுமில்லை.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் டப்பாவும் கையுமாக வந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, மடிக்கிற துணியை மடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"தம்பி கேட்டான். குடுத்தேன்."

"எப்போ?"

"அந்த வேலைக்கு இன்டர்வியூ போனான்ல, அதுக்கு முதல் நாள். காட்டறதுக்கு ஏதாவது வேணும்கா, மாமாகிட்ட சொல்லாதேன்னான்."

"அவன் சொல்லாதேன்னா நீயும் சொல்லமாட்டியா?"

"சொன்னா நீங்க குடுத்திருப்பீங்களா?"

அவன் வெளியாள், போகட்டும், இவள்? ஒரே கூரைக்குக் கீழே, ஒன்றரை வருஷம், தினமும் சாப்பாடு போட்டுக்கொண்டு, அவர் அவன் பெருமையைப் பேசும்போதெல்லாம் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏன்டி, என்னை இப்படி முட்டாளாக்கிட்டீங்களே ரெண்டு பேரும்! எல்லார் முன்னாலயும் 'எதை மாமா'ங்கறான்!"

"அவன் போன் பண்ணான். அழறான். தெரிஞ்சா வேலை போயிடும்கறான். ஏங்க, பஞ்சுல சுத்திக் கிடந்த ஒரு பொம்மைக்காக அவன் வாயில மண்ணைப் போடப் போறீங்களா?"

"பொம்மையா? நீ அதைப் பாத்தியா?"

"பஞ்சைப் பிரிக்கவே இல்ல. டப்பாவோட குடுத்தேன், அவனே எடுத்துக்கிட்டு டப்பாவைத் திருப்பி வெச்சுட்டான்."

"அப்ப இதைப் பாரு" என்று கைப்பேசியை எடுத்தார். தேதி வாரியாக எடுத்து வைத்த படங்கள், மெழுகிலிருந்து முடிவு வரை. அசல் போனாலும் இது போதுமே, டீச்சர் இதை வைத்தே கம்பெனியைக் கூண்டில் ஏற்றிவிடுவாரே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மனைவி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"இது யாரு?"

"நீதான்."

அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். முகம். நெற்றி. அங்கே நிற்காமல் கீழே போனாள். கழற்றிப் போட்ட பூட்ஸ். பாதம். பெருவிரலுக்குப் பக்கத்தில் புடைத்திருந்த எலும்பு.

"இந்த எலும்பு துருத்திக்கிட்டு இருக்கறதைக்கூட வெச்சிருக்கீங்க."

"பின்னே?" அந்த நேரத்திலும் அந்த மனிதருக்குப் பெருமை பொங்கியது பாருங்கள். "நாலு வருஷம் பாத்திருக்கேன். நீ வந்து உக்காரும்போதெல்லாம் பாப்பேன். வீக்கம் எந்தப் பக்கம் ஜாஸ்தி, எந்த விரலை அழுத்தற, எல்லாம் எனக்கு மனப்பாடம்."

"அப்ப என் கால் வலி உங்களுக்குத் தெரியும்."

அவர் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நான் தெரியாதுன்னு நினைச்சுட்டிருந்தேன். ஆம்பளைக்கு இதெல்லாம் எங்கே கண்ணுல படும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். நீங்க என்னடான்னா லென்ஸ் போட்டுப் பாத்திருக்கீங்க. வலிக்குதான்னு ஒரு நாள் கேட்டிருப்பீங்களா?" கைப்பேசியை அவர் மடியில் வைத்தாள். "என்னைச் செய்யப் போறேன்னாவது கேட்டீங்களா?"

அவள் சத்தம் போடவில்லை. மடித்த துணிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் கேட்டது நியாயம்தான், யார் இல்லை என்றது? ஆனால் நியாயம் அவள் பக்கம் கொஞ்சம் இருப்பதால் அவருக்கு நடந்தது துரோகம் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. இரண்டும் அந்த வீட்டில் ஒரே நேரத்தில் இருந்தன.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மைத்துனன் கிளினிக்கின் பின்னறைக்கே வந்துவிட்டான். கதவைச் சாத்திவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தான்.

"மாமா, தப்புதான் மாமா. இன்டர்வியூல காட்டிட்டுத் திருப்பி வெச்சிடலாம்னுதான் எடுத்தேன். 'நீ செஞ்சதா'ன்னு கேட்டாங்க. வாய் தவறி ஆமான்னுட்டேன். அப்புறம் எப்படி மாத்தறது?"

"அசல் எங்கே?"

அவன் தரையைப் பார்த்தான். "ஸ்கேன் பண்ணி அப்படியே அச்சு எடுக்க மூணு துண்டா அறுக்க வேண்டியிருந்துச்சு. அப்புறம்... தூக்கிப் போட்டுட்டாங்க."

அவர் கையில் யாருடைய கீழ்த்தாடையோ இருந்தது. அதை மேஜைமேல் வைத்தார். நாலு வருஷத்து மத்தியானங்கள் குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கின்றன. அவனை அறைந்திருக்கலாம். அவன் அக்காவின் ஜாடை அவன் முகத்தில் அப்படியே இருந்தது.

"போட்டோ இருக்கு" என்றார்.

"அக்கா சொல்லுச்சு. மாமா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இந்த ஒரு தடவை. செத்தாலும் மறக்கமாட்டேன். அடுத்தடுத்து நான் செய்யறது எல்லாத்துலயும் உங்க பேரையும் சேக்கச் சொல்றேன்."

"என் பேரெல்லாம் ஒண்ணும் வேணாம். எந்திரி" என்றார். "அங்கே வந்து நீ ஒண்ணும் பேசாதே. நான் பாத்துக்கறேன்."

அன்று மாலை வீட்டுக்குப் போய், மனைவி பக்கத்தில் இருக்கும்போதே படங்கள் எல்லாவற்றையும் அழித்தார். அவள் ஏன் என்று கேட்கவில்லை. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்கிறோம், 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாளா என்று அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக அழித்தார். அவள் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். டீச்சர் மேஜையைச் சுத்தமாகத் துடைத்து நடுவில் படைத்தலைவியை நிறுத்தி, பக்கத்தில் அசலுக்கு இடம் விட்டு வைத்திருந்தார். கம்பெனிக்கு எழுத வேண்டிய கடிதம்கூடத் தயார். அவர் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"கொண்டுவந்தீங்களா?"

அவர் நின்றுகொண்டே பேசினார். "இல்ல டீச்சர். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். என்னோடதை எடுத்துப் பாத்தேன். அது வேற, இது வேற. இது மாப்ளே செஞ்சதுதான்."

டீச்சர் அவரையே பார்த்தார். "அந்தப் பட்டை? கண்ணாடியைப் பாத்து மாறிப்போச்சு, அதை மறைக்கப் போட்டதுன்னு எல்லாம் சொன்னீங்களே."

"கையில வாங்கின பிறகுதானே சொன்னேன். பாத்ததும் அப்படித் தோணிடுச்சு. மன்னிச்சுக்குங்க."

அறையில் யாரும் பேசவில்லை. அதோடு முடிந்திருக்கும். இவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாயிற்று, கேட்டவர்களும் விட்டுவிட்டார்கள். மைத்துனன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: சும்மா இருப்பது. ஒரு மனிதன் உனக்காகத் தன் பெயரைக் குழி தோண்டிப் புதைக்கிறான். பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருக்க உனக்கு என்ன கேடு?

அவனுக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. எங்கே யாராவது இன்னொரு கேள்வி கேட்டுவிடுவார்களோ என்ற பயம். சிரித்துக்கொண்டே முன்னால் வந்து இவர் தோளில் கையைப் போட்டான்.

"விடுங்க டீச்சர். மாமாவுக்குக் கொஞ்ச நாளாவே கண்ணு சரியில்ல. நாங்க யாரும் வெளிய சொல்றதில்ல. பாக்கறது ஒண்ணு, நினைக்கறது ஒண்ணா ஆயிடுது. அக்காதான் பாவம், சமாளிக்குது."

"அடடா" என்றார் மருந்துக்கடைக்காரர். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே. அப்ப நாலு கை ஆளுக்கு இவர் எழுதினதையும் இன்னொருத்தரை விட்டுப் பாக்கச் சொல்லிடலாம். இணையத்துல தப்பாப் போயிடக் கூடாதுல்ல?"

"அதுதான் நல்லது" என்றான் மைத்துனன்.

மருந்துக்கடைக்காரர் நாலு கை ஆசாமியை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்தார். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அக்குள் சரியாத்தானே இருக்கு?" என்றார். யாரும் நம்மவரைக் கேட்கவில்லை. டீச்சர் மட்டும், எழுதி வைத்த கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நான் கிளம்பறேன்" என்றார் இவர்.

"இருங்க மாமா, நான் வரேன்." மைத்துனன் ஓடி வந்து எல்லோரும் பார்க்க அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். வாசல் வரை அழைத்துப்போய், குழந்தைக்குச் சொல்வதுபோல் உரக்கச் சொன்னான்: "பாத்து மாமா. இங்கே படி ஆரம்பிக்குது."

பதினைந்து வருஷமாக ஏறி இறங்கிய படி. கையை உதற வேண்டும் என்று அவர் உடம்பெல்லாம் துடித்தது. உதறினால் பின்னால் நிற்கிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். காலால் தடவிப் பார்த்து முதல் படியில் இறங்கினார்.